கரையாத கொய்னா

மருந்தை நோயாளியின் கையில் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆஸ்பத்திரி டிரெசர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாயில் போட்டு விழுங்கும்வரை நின்று பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். விழுங்கிய மருந்து அதற்குப் பிறகு எங்கே போயிற்று என்று யோசிக்கிறவர்கள் அரிது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்த அரிதான கூட்டத்தில் சேர வேண்டும் என்பது என் ஆசை. அதனால் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். ஊசி பிடிப்பதும் மருந்து கலக்குவதும் பழகப் பழக உங்களுக்கே வந்துவிடும். அவற்றைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவன். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்து, மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்து, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் டிரெசர் பயிற்சி முடித்தேன். முதல் மகா யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கிள்ளானிலிருந்து கடல் பக்கமாகப் போகும் சாலையில், ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை, அதன் கோடியில் ஒரு மருந்தறை, அவ்வளவுதான். டாக்டர் வாரம் ஒருமுறை கிள்ளானிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம்.

சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து உண்டாக்கிய தோட்டம் அது. கால்வாய் அடைத்துக்கொண்ட இடத்தில் எல்லாம் கொசு. கொசு இருந்த இடத்தில் எல்லாம் குளிர்க்காய்ச்சல். விடியற்காலையில் ஆட்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு ஒரு வாய் கொய்னாத் தண்ணீர் ஊற்றுவது வழக்கமாக இருந்தது. கொய்னா என்கிற குயினைனை அமிலம் விட்டுக் கரைத்த மருந்து. அந்தக் கசப்பை வார்த்தையில் சொல்ல முடியாது. பிள்ளைத்தாய்ச்சிகள் வாந்தி எடுத்தார்கள். ஆண்கள் மரத்துக்குப் பின்னால் போய்த் துப்பினார்கள். மருந்துப் பீப்பாயைக் கண்டாலே பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள்.

தோட்டத்துப் பெரிய துரை கெட்டவர் அல்லர். கண்டிப்பானவர், ஆனால் ஆட்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. கசப்புத்தானே தொல்லை என்று அவர் சர்க்கரை பூசிய கொய்னா மாத்திரைகளைப் பெரிய டின்களில் வரவழைத்தார். வெள்ளை வெளேரென்று பட்டாணி அளவில் இருந்தன. டின்கள் எந்தக் கிடங்கில் எத்தனை காலம் கிடந்துவிட்டு வந்தனவோ, யாருக்கும் தெரியாது. இங்கே வந்த பிறகும் தகரக் கூரைக்கு அடியில் வெயில் சூட்டிலும் புழுக்கத்திலும் கிடந்தன.

ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். முகம் சுளிக்காமல் வாங்கி விழுங்கினார்கள். ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், கடைசி லயத்தில், செல்லக்கண்ணு என்று ஒரு பெண் இருந்தாள். புருஷன் இருளப்பனோடு பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். விழுங்கியதும் நாக்கை நீட்டி என்னிடம் காட்டிவிட்டுச் சிரிப்பாள்.

"பாத்துக்குங்கய்யா, ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. இம்மாம் நல்ல மருந்த யாராச்சும் துப்புவாங்களா?"

ஆனால் காய்ச்சல் குறையவில்லை. இரண்டொரு மாதத்தில் முன்பு இருந்ததைவிட அதிகமாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நிறைந்து, ஆட்கள் பாய் விரித்துத் தரையில் கிடந்தார்கள். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒழுங்காக மருந்து கொடுக்கிறோம், அவர்களும் விரும்பி வாங்குகிறார்கள், பிறகு ஏன் காய்ச்சல்?

அந்தச் சமயத்தில்தான் பெரிய கங்காணி உள்ளங்கையில் எதையோ பொத்திக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"கடைசி லயத்துக்குப் பின்னால கால்வாயில கெடந்துச்சுங்க துரை. மழ வந்து மண்ண அரிச்சுட்டுப் போச்சு. பாத்தா, இது கெடக்கு."

கையைத் திறந்தார். கொய்னா மாத்திரைகள். மேலே இருந்த வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு போய், உள்ளே இருந்த மங்கலான உருண்டை மட்டும் மிச்சம். துரை ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். அவருடைய முகம் இறுகியது. தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழில் சொன்னார்:

"சக்கரை சப்புது. மருந்து துப்புது. அப்புறம் காய்ச்சல் வந்தா துரை என்னா செய்யும்?"

பார்த்தவர் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மறுநாளிலிருந்து பெரட்டில் ஒவ்வொருவராக வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு. கங்காணி குச்சியால் நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். அது பார்க்கச் சகிக்காத காட்சி. வயதில் மூத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், எல்லோரும் மாட்டுச் சந்தையில் நிற்பதுபோல வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். அப்படியும் மாத்திரைகள் கால்வாயில் கிடைத்துக்கொண்டே இருந்தன. கள்ளத்தனம் கூடிவிட்டது என்றார் துரை.

செல்லக்கண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது இருளப்பன் அவளைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். வரும்போதே வலிப்பு. ஊசி போட்டேன், அவள் அதற்கெல்லாம் அப்பால் போய்விட்டிருந்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் உயிர் பிரிந்தது. துரை மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அந்தப் பொம்பளை மருந்து துப்பிச்சு. செத்துப் போச்சு. நீ எல்லாம் துப்பினா நீயும் சாவும்."

பெரட்டு கலைந்த பிறகு நான் துரையிடம் போய், அவள் என் முன்னால் விழுங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "எல்லா வாயையும் உம்மால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். கால்வாயில் கிடந்த மாத்திரைக்கு என்னிடமும் பதில் இல்லை. வரிசையில் நின்றிருந்த இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனதைப் பார்த்தேன். மனைவி செத்த மறுநாள் அது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவனையே கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள்.

டாக்டர் வருகிற நாள் அன்று. அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத கால்சட்டை. அதிர்ந்து பேச மாட்டார். அவர் கையில் ஒரு புதுச் சோதனை இருந்தது. கொய்னா ரத்தத்தில் கலந்திருந்தால் சிறுநீர் வழியாக வெளியே வரும். அந்தச் சிறுநீரில் ஒருவகை மருந்துச் சொட்டு விட்டால் நீர் பால்போலக் கலங்கும். கொய்னா இல்லாவிட்டால் தெளிவாகவே இருக்கும். துரையும் வந்து நின்றார். இருளப்பனின் சிறுநீரில் டாக்டர் சொட்டு விட்டார். கண்ணாடிக் குழாய் தெளிவாகவே இருந்தது.

"இவர் மருந்து எடுக்கேல்லை, தம்பி" என்றார் டாக்டர் என்னிடம். "மனுசர் பொய் சொல்லுவினம். சோதனை சொல்லாது."

கட்டிலில் கிடந்த இருளப்பன் எழுந்து உட்கார முயன்றான்.

"தினைக்கும் முழுங்கினேனுங்க. கங்காணியாரே வாயப் பாத்தாருங்க."

துரை அவனைப் பார்க்கவே இல்லை. "நடக்கும்படி ஆனதும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு அனுப்பி ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுங்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் புறப்படும்போது எனக்கு ஒரு வேலை வைத்தார்.

"இனி நீரே உம்மட கையாலை குடும். வாய்க்குள்ளை நல்லாப் பாரும். பிறகு கொஞ்ச நேரம் பக்கத்திலை இரும். விளங்குதோ?"

அப்படியே செய்தேன். மாத்திரையை நானே அவன் நாக்கில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். நாக்குக்கு அடியிலும் கன்னத்து ஓரத்திலும் விரலை விட்டுப் பார்த்தேன். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவன் வாந்தி எடுக்கவில்லை. எழுந்து எங்கும் போகவில்லை. ஆனால் காய்ச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. டாக்டர் அந்தச் சோதனைச் சொட்டில் கொஞ்சம் மருந்தறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நானும் சோதித்தேன். குழாய் தெளிவாக இருந்தது. மறுநாளும் தெளிவு.

அந்த மறுநாளைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். காலையிலிருந்து பேய்மழை. கிள்ளான் சாலை தண்ணீருக்கடியில். ஆபீஸ் டெலிபோனில் சத்தமே இல்லை. எங்கோ கம்பம் சாய்ந்துவிட்டது. பிற்பகலில் இருளப்பன் பிதற்ற ஆரம்பித்தான். கண் செருகிற்று. செல்லக்கண்ணு போன வழியில் இவனும் போகிறான் என்று தெரிந்தது.

ஊசி வழியாகக் கொய்னா கொடுக்க எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு நாளாக நானே முழு அளவு மாத்திரை கொடுத்திருக்கிறேன். அது உடம்பில் சேர்ந்திருந்தால், அதற்கு மேல் ஊசியும் போட்டால் அளவு மிஞ்சும். மிஞ்சிய கொய்னா கண்ணைக் குருடாக்கும், இதயத்தை நிறுத்தும். ஊசி போடாவிட்டால் காய்ச்சல் கொல்லும். போட்டால் நானே கொல்லலாம். சோதனைக் குழாயை நம்பினால், மருந்து ரத்தத்தில் இல்லை. என் கண்ணை நம்பினால், மருந்து அவன் வயிற்றில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்றே அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மழையில் அவன் கட்டில் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: இரண்டுமே உண்மையாக இருக்கலாமே? வயிற்றுக்குள் போனது எல்லாம் ரத்தத்துக்குள் போயாக வேண்டும் என்று யார் சொன்னது? என் அப்பா வேலை பார்த்த ரயிலில்கூட ஏறினவன் எல்லாம் போகவேண்டிய ஊரில் இறங்குவதில்லை. தூங்கிக்கொண்டே கடைசி ஸ்டேஷன்வரை போகிறவன் உண்டு.

யோசனை யோசனைதான். அதை மட்டும் நம்பி ஒரு மனிதன் உடம்பில் ஊசி ஏற்ற எனக்குத் துணிவு வரவில்லை. அப்போது நினைவு வந்தது காது. கொய்னா ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்தால் நோயாளிக்குக் காதுக்குள் இரையும். பெரிய ஆஸ்பத்திரியில் தேறுகிற நோயாளிகள் எல்லோரும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள். இருளப்பனின் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். சற்றே கண் விழித்தான்.

"இருளப்பா, காதுக்குள்ள இரைச்சல் கேக்குதா?"

"கேக்குதுங்கய்யா... ஓன்னு கேக்குது."

அப்படியானால் மருந்து சேர்ந்திருக்கிறது. ஊசி எடுக்கக் கூடாது. திரும்பிவிட்டேன். அப்புறம்தான் தலைக்கு மேலே தகரத்தில் மழை கொட்டுவது எனக்கே உறைத்தது. மறுபடி குனிந்து, என் இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் காதுகளை இறுகப் பொத்தினேன். உதடு அசைவில் புரியும்படி, முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"இப்ப? இப்ப கேக்குதா?"

அவன் கொஞ்சம் உற்றுக் கேட்டான்.

"இல்லீங்கய்யா. இப்ப ஒண்ணுமில்ல. அமைதியா இருக்கு."

ஊசி போட்டேன். மருந்தைச் சதைக்குள் மெதுவாக ஏற்றினேன். அதன் பிறகு அவன் நாடியை விட்டு விலகவே இல்லை. இடையில் ஒருமுறை மறுபடியும் ஊசி போட்டேன். நான் படித்த ஜெபமெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவன் உடம்பு வியர்த்திருந்தது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். நான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தேன். மழை எப்போதோ விட்டு, ரப்பர் இலைகளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்கய்யா, இன்னும் மழ விடலீங்களா?" என்றான் இருளப்பன். "காதெல்லாம் ஓன்னு இரையுது."

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிறுநீரை வாங்கிச் சொட்டு விட்டேன். குழாய் பால்போல வெளுத்தது.

சாலை வடிந்ததும் டாக்டர் வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் ஊசி போட்டவன் நான். அவர் கோபப்படவில்லை. இருளப்பனின் கட்டில் ஓரத்தில் நின்று அவன் நாடியைப் பார்த்தார். பிறகு மருந்தறைக்கு வந்து, மாத்திரை டின்னைத் திறந்து ஒன்றை எடுத்துக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் போட்டார். சர்க்கரை மட்டும் கரைந்தது. உருண்டை அடியில் கல்போலக் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வயிற்று அமிலம் மாதிரிக் கொஞ்சம் அமிலம் கலந்து போட்டார். அதிலும் அப்படியே கிடந்தது.

"கால்வாயிலை கிடந்தது எண்டனீரே, அது எந்த இடம்?" என்று கேட்டார்.

கடைசி லயத்துப் பின்பக்கம் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றார். சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நின்றுவிட்டேன். லயத்து ஆட்களுக்குக் கக்கூஸ் ரொம்பத் தூரம். நோயாளிகளும் பிள்ளைகளும் அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் ஒதுங்குவார்கள். மழை மற்றதை எல்லாம் கழுவிக்கொண்டு போகும். கல்லாகிப்போன மாத்திரையை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

யாரும் துப்பவில்லை. விழுங்கியவர்களின் உடம்பு வழியாகவே அவை முழுசாக வெளியே வந்திருந்தன.

டாக்டர் டின்னை எடுத்துக்கொண்டு நேரே துரையின் ஆபீசுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். துரையின் மேசைக்கு முன்னால் நின்று, ஆட்களுக்குக் கொடுக்கிற அளவு மாத்திரைகளைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு குனிந்து வாயைத் திறந்தார்.

"பாருங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "நாக்கைத் தூக்கிப் பாருங்கள்."

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "டாக்டர், இதற்கு அவசியமே இல்லை" என்றார்.

"அவசியம் இருக்கிறது. எல்லோர் வாயையும் பார்க்கிறீர்களே. என் வாயையும் பாருங்கள்."

துரை பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிற்பகல்வரை டாக்டர் அந்த வராந்தாவை விட்டு அசையவில்லை. துரையின் கண்ணெதிரிலேயே இருந்தார். பிறகு சோதனை செய்தோம். சொட்டு விழுந்தது, குழாய் தெளிவாகவே இருந்தது. அப்புறம் நான் கலக்கிக் கொண்டுவந்த பழைய கசப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். வெயில் இறங்கும் நேரத்தில் மறுபடி சோதனை. சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளையாகத் திரண்டது.

டாக்டர் இரண்டு குழாய்களையும் துரையின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"காலையில் நான் துப்பினேன் என்று சொல்வீர்களா?"

துரை நாற்காலியில் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவர்களுக்குக் கசக்கக் கூடாது என்றுதானே வாங்கினேன்."

அது உண்மைதான். அதனால்தான் அந்த வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நல்லது நினைத்துச் செய்கிற காரியத்தில் தவறு புகுந்தால் அதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கடினம். நாம் நல்லதுதான் செய்தோம். ஆகையால் கெட்டது செய்தவன் வேறு எவனோ என்றுதான் புத்தி தேடும். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். நோய் மருந்துக்குக் கேட்காதபோது நோயாளி பொய் சொல்கிறான் என்று வாயில் வந்துவிடும். சில சமயம் அவன் பொய்யும் சொல்வான். ஆனால் அது நீங்கள் கடைசியாக எண்ண வேண்டிய காரணம். மருந்து கரைந்ததா, குடலில் தங்கிற்றா, வாந்தியில் போயிற்றா, ரத்தத்தில் ஏறிற்றா என்று அதன் வழியிலேயே போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் மனிதன்மேல் கை வையுங்கள்.

அன்று டாக்டர் கிள்ளானுக்குத் திரும்பவில்லை. மறுநாள் விடியலில் பெரட்டுக்கு வந்தார். ஆட்கள் வாயைத் திறக்கத் தயாராக வரிசையில் நின்றார்கள். கங்காணியிடம் குச்சியைக் கீழே போடச் சொன்னார். துரை சற்றுத் தள்ளி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் ஒருத்தரும் மருந்தைத் துப்பேல்லை" என்றார் டாக்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்கள் ஒழுங்கா விழுங்கினனீங்கள். மருந்துதான் கல்லாப் போச்சு, உங்கட உடம்பிலை சேரேல்லை. சோதனையைப் பார்த்துப் பிழையாச் சொன்னது நான். அது என்ர பிழை. செத்துப்போன பொம்பிளையும் துப்பேல்லை."

வரிசையில் எங்கோ ஒரு பெண் விம்மினாள். இனிமேல் பழைய கசப்பு மருந்துதான், அதுதான் கரைந்த மருந்து, அதுதான் உடம்பில் ஏறும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு ஒருவர்கூட முகம் திருப்பவில்லை. குடித்தார்கள்.

எத்தனையோ பெரிய டாக்டர்களிடம் பிற்காலத்தில் வேலை பார்த்திருக்கிறேன். கூலியாட்கள் முன்னால் நின்று "என்ர பிழை" என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு அந்த ஆட்கள் அவர் எதைக் கொடுத்தாலும் குடித்தார்கள்.

இருளப்பன் பெரட்டில் இல்லை. இன்னும் கட்டிலில்தான் இருந்தான். நான் போய்ச் சொன்னேன். டாக்டர் சொன்ன அத்தனையும் சொன்னேன். கப்பல் ஏற்றுகிற பேச்சு இனி இல்லை என்றும் சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"அப்ப அவ சொன்னது நெசந்தானுங்களா?" என்றான்.

"யாரு?"

"செல்லக்கண்ணு." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மாரியம்மா மேல சத்தியமா முழுங்கினேன்னு சொன்னாங்கய்யா. துரை சொல்லுது, கங்காணி சொல்லுது, ஊரே சொல்லுது. நானும் அவள நம்பல. காய்ச்சல் வந்தப்புறம் கூட, எங்கடி ஒளிச்சு வச்சேன்னு தாடையப் புடிச்சு வாயப் பொளந்து பாத்தேன். அப்பக்கூட ஒண்ணும் சொல்லலீங்க. வாயத் தொறந்து காட்டினா. காட்டிட்டு, திரும்பிப் படுத்துக்கிட்டா."

போர்வையை இழுத்து அவன் தோளை மூடிவிட்டேன். அதற்கு மேல் செய்ய எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

எழுந்து நடக்கும்படி ஆன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். லயத்துக்குப் போகவில்லை.

"ஐயா, ஒரு எடம் கூட வரணும்."

தோட்டத்துக் கடைசி எல்லையில், ரப்பர் முடிந்து சதுப்பு தொடங்குகிற இடத்தில் இடுகாடு. புது மண்மேடுகள் நிறைய இருந்தன. ஒன்றின் முன்னால் நின்றான். மழையில் மேடு பாதி கரைந்திருந்தது. தலைமாட்டில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தான்.

"நான் சொன்னா அவ நம்பமாட்டா. நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க" என்றான்.

நான் கிறிஸ்தவன். செத்தவர்களோடு பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றும் ஒரு கணம் தோன்றிற்று. ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தொப்பியைக் கழற்றினேன்.

"செல்லக்கண்ணு" என்றேன், உரக்கவே. "நீ மருந்த முழுங்கினேம்மா. ஒழுங்கா முழுங்கின. நீ பொய் சொல்லல."

இருளப்பன் மேட்டருகே குந்தி உட்கார்ந்தான். மழை அரித்த பக்கத்தில் மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு மெதுவாகத் தட்டினான்.

"கேட்டியா புள்ள" என்றான். "டிரெசரய்யா சொல்றாரு."

அவனே எழுந்திருக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.